கிராஸ்போ அம்பின் இறகு பிய்ந்தால்: வீட்டிலேயே சரிசெய்வது எப்படி

துப்பாக்கி போல விசையை இழுத்து எய்கிற குறுக்குவில்தான் கிராஸ்போ. அதன் அம்பில் முதலில் கெட்டுப்போவது இறகுதான். தண்டு நன்றாக இருக்கும், முனை நன்றாக இருக்கும், பின்னால் ஒரு இறகு மட்டும் பாதி கிழிந்து தொங்கும். புதிதாகப் பழகுகிறவர்கள் அந்த அம்பை அப்படியே ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்குகிறார்கள். ஒரு அம்பின் விலை தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு வீண் செலவு என்பது புரியும். ஒரு மாலை நேரமும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் வீட்டுத் திண்ணையிலேயே சரிசெய்துவிடலாம்.

எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டம் பூதப்பாண்டி பக்கம். கன்னியாகுமரி பகவதி அம்மன் விஜயதசமிக்கு மகாதானபுரம் போய் அம்பு எய்து பாணாசுரனை வதம் செய்யும் பரிவேட்டையைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வளர்ந்ததால் எனக்கு அம்பு மேல் ஒரு பிரியம் உண்டு. இப்போது அக்கா மகனுக்கும் அது ஒட்டிக்கொண்டது. இரண்டு பேரும் தோப்பில், பின்னால் உயரமான செம்மண் மேடு இருக்கிற இடமாகப் பார்த்து, இலக்குப் பலகை வைத்துப் பழகுகிறோம். இங்கே சொல்வதெல்லாம் இலக்குப் பலகைக்கான அம்பைப் பற்றித்தான். காட்டு விலங்கு வேட்டையை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது.

பெயர்களை முதலில் தெரிந்துகொள்வோம். அம்பின் உடல் தண்டு. கடைக்காரர்கள் ஷாஃப்ட் என்பார்கள். இப்போது வருவது பெரும்பாலும் கார்பன் தண்டு, சிலது அலுமினியம். பின்முனையில் நாண் வந்து தள்ளுகிற சிறிய துண்டு நாக். இறகு என்று நாம் சொன்னாலும் கிராஸ்போ அம்பில் இருப்பது வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் தகடுதான். அதை வேன் என்று கேட்டு வாங்க வேண்டும். வழக்கமாக மூன்று இருக்கும், ஒன்றுக்கொன்று 120 டிகிரி இடைவெளியில். அதில் ஒன்று மட்டும் வேறு நிறம். அதுதான் வழிகாட்டி இறகு.

அம்பின் வாலைப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பதுதான் இறகின் வேலை. மூன்றும் ஒரே அளவுக்குக் காற்றைப் பிடித்தால் அம்பு நேராகப் போகும். ஒன்று கிழிந்திருந்தால் வால் ஒரு பக்கமாக ஆடும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றில் பழகுகிறவர்களுக்கு இதை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆடுகிற அம்பைக் காற்று இன்னும் தள்ளிவிடும். காற்று தள்ளியதா, இறகு தள்ளியதா என்று தெரியாமல் குறிக்கண்ணாடியைத் திருகிக்கொண்டே இருப்போம்.

பசையை எடுப்பதற்கு முன்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

போன மழைக்காலத்தில் ஓர் அம்பு இலக்கைத் தவறவிட்டு, பலகையின் மரச்சட்டத்தில் பட்டுத் தெறித்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு இறகு மட்டும் பிய்ந்திருந்தது. மற்றபடி ஒரு கீறல்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் பழைய இறகைச் சுரண்டிவிட்டு, துடைத்து, புதிதை ஒட்டி, காய வைத்துவிட்டேன். மறுநாள் பையன் அதைக் கையில் எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து லேசாக வளைத்தான். டிக் என்று ஒரு சத்தம்.

“மாமா, இது சத்தம் போடுது.”

“இன்னொரு தடவ வளை மக்களே, காதுகிட்ட வச்சு.”

மறுபடியும் டிக். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது முனையிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, தலைமுடி கனத்துக்கு ஒரு கோடு. நகத்தை வைத்து இழுத்தால் அந்த இடத்தில் நகம் தட்டியது. அதை நான் எய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. விநாடிக்கு 350 அடி வேகம் என்பது கிராஸ்போவில் சாதாரணம். அது மணிக்கு ஏறத்தாழ 384 கிலோமீட்டர். நாண் தள்ளும் அந்த நொடியில் விரிசல் விட்ட கார்பன் தண்டு சிதறினால், அந்தச் சில்லு போய்ச் சேருகிற இடம் எய்கிறவரின் முகமும் கையும்தான்.

அதனால் இறகு எவ்வளவு சின்னதாகக் கிழிந்திருந்தாலும் முதலில் தண்டைச் சோதியுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், கார்பன் தண்டைக் கையாளும்போது கையுறையும் போடுங்கள். கார்பன் சிலும்பு விரலில் ஏறினால் எடுப்பது கஷ்டம். இரண்டு முனையையும் பிடித்து, முகத்திலிருந்து விலக்கி வைத்து, லேசாக வளையுங்கள். கால் சுற்று திருப்பி மறுபடி வளையுங்கள். இப்படி ஒரு முழுச் சுற்று. பிறகு இரண்டு முனையையும் எதிரெதிர்ப் பக்கமாக லேசாக முறுக்கிப் பாருங்கள். சத்தம் கேட்டாலோ, ஓர் இடம் மட்டும் அதிகமாக வளைந்தாலோ, நகம் தட்டினாலோ, அந்த அம்பின் ஆயுள் முடிந்தது. ஒட்டுவதற்கு அதில் எதுவும் இல்லை. இரண்டாக ஒடித்துப் போடுங்கள், யாரும் தெரியாமல் எடுத்து எய்துவிடக் கூடாது. அலுமினியத் தண்டு என்றால் விரிசலைவிட வளைவுதான் பிரச்சினை. கண்ணாடி மேசையில் உருட்டினால் தத்தித் தத்தி ஓடும், அதிலேயே தெரிந்துவிடும்.

பின்முனையிலுள்ள நாக்கையும் பாருங்கள். கிராஸ்போ நாக் பல வகை: தட்டையானது, அரைநிலா வடிவக் குழி உள்ளது, நாணைக் கவ்விப் பிடிப்பது, பல குழி உள்ளது. உங்கள் வில்லின் கையேட்டில் எதைச் சொல்லியிருக்கிறார்களோ அது மட்டும்தான் போட வேண்டும். கையில் கிடைத்ததை மாற்றிப் போட்டால் நாண் அம்புக்கு மேலே ஏறியோ கீழே வழுக்கியோ போய்விடும். அது அம்பு வைக்காமல் வெறும் வில்லை விடுவது போலத்தான், வில்லே உடையலாம். நாக்கில் வெடிப்பு இருந்தால் இறகோடு சேர்த்து அதையும் மாற்றிவிடுங்கள்.

எல்லாவற்றையும் பிய்க்க வேண்டியதில்லை

தண்டு நன்றாக இருக்கிறது என்று உறுதியான பிறகு இறகுக்கு வருவோம். மடங்கியும் நெளிந்தும் இருக்கிற பிளாஸ்டிக் இறகைப் பலர் அவசரப்பட்டுப் பிய்த்துவிடுகிறார்கள். பைக்குள் ஒன்றன்மேல் ஒன்று அழுத்திக் கிடந்தாலோ, வெயிலில் நிற்கும் காருக்குள் கிடந்தாலோ அப்படித்தான் ஆகும். அதற்கு ஆவி போதும். இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கும்போது மூடியைக் கொஞ்சம் விலக்கி, வருகிற ஆவியில் இறகை மட்டும் ஐந்தாறு விநாடி காட்டி எடுங்கள். நெளிவு தானாக நிமிர்வதைக் கண்ணால் பார்க்கலாம். விரலால் நீவிவிட்டு ஆற விடுங்கள். அதிக நேரம் காட்டாதீர்கள், சூட்டில் பசை பலவீனமாகிவிடும். தண்டைத் தீயில் காட்டுவது கூடவே கூடாது.

ஓரம் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறதா? அடியில் தூசியைத் துடைத்து, ஊசி முனையால் ஒரு துளி பசை விட்டு அழுத்தினால் போதும். பின் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் நுனி போயிருந்தால் அப்படியே விடுங்கள், இலக்கில் வித்தியாசம் தெரியாது. கிழிந்து துண்டு போனது, பாதிக்கு மேல் பெயர்ந்தது, இவற்றைத்தான் மாற்ற வேண்டும்.

ஒன்றை மட்டும் மாற்றலாமா என்று பையன் கேட்டான். அதே நீளம், அதே உயரம், அதே வகை இறகு கையில் இருந்தால் மாற்றலாம். இல்லையென்றால் மூன்றையும் மாற்றுங்கள். வேறு வேறு இறகு கலந்த அம்பு ஒருபோதும் மற்ற அம்புகளோடு சேர்ந்து ஒரே இடத்தில் விழாது.

வாங்கி வைக்க வேண்டியவை

வேன் மட்டும் ஆன்லைனில் வாங்க வேண்டியிருக்கும். கிராஸ்போ அம்புக்கு இரண்டிலிருந்து நான்கு அங்குலம் வரை நீளத்தில் கிடைக்கிறது. பழைய இறகை அளந்து அதே அளவு வாங்குங்கள். மற்றதெல்லாம் நம் ஊரிலேயே கிடைக்கும். பெட்டிக்கடை ஃபெவிகுயிக் போன்ற பசை, ஹார்டுவேர் கடையில் 400 எண் உப்புத்தாள், செல்போன் பழுதுபார்க்கிறவர்கள் பயன்படுத்தும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஒரு மழுங்கிய கத்தி. ஜெல் வகைப் பசை கிடைத்தால் அதையே வாங்குங்கள். தண்ணீர் போன்ற பசை இறகில் நிற்காமல் விரலுக்கு ஓடி வந்துவிடும்.

தோட்டத்தில் மயில் இறகு கிடக்கிறதே, அதை ஒட்டலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்தத் தோகை அம்புக்கு ஆகாது. மயில் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் பறவையும்கூட, அந்தப் பக்கமே போக வேண்டாம். மரபு வில்லின் அம்புக்கு வான்கோழி இறகு நல்லது. ஆனால் மூன்றும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். இடப்பக்கமும் வலப்பக்கமும் கலந்தால் அம்பு தடுமாறும். ஜூனிலும் ஐப்பசியிலும் இரண்டு மழை பெய்கிற நம் மாவட்டத்தில், நனைந்தால் படுத்துவிடுகிற அசல் இறகைவிட பிளாஸ்டிக்தான் கிராஸ்போவுக்குத் தோது.

பிய்ப்பதும் துடைப்பதும்

பிய்ப்பதற்கு முன் பழைய இறகு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அளந்து எழுதிவையுங்கள். நாக்கிலிருந்து எத்தனை மில்லிமீட்டர், நேராக இருக்கிறதா, லேசாகச் சாய்ந்திருக்கிறதா. முடிந்தால் போனில் ஒரு படம். பிய்த்த பிறகு எதுவும் ஞாபகம் வராது.

மழுங்கிய கத்தியைத் தண்டோடு ஒட்டினாற்போல் படுக்க வைத்து, உங்களுக்கு எதிர்த்திசையில் தள்ளுங்கள். கத்தியை நிமிர்த்தினால் தண்டில் வெட்டு விழும். கார்பன் இழை ஒன்று வெட்டுப்பட்டாலும் அங்கிருந்துதான் விரிசல் தொடங்கும். கூரான பிளேடு வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். மிச்சமிருக்கும் பசையை பழைய ஏடிஎம் அட்டையின் ஓரத்தால் சுரண்டலாம். பிறகு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, நான்கைந்து முறை மட்டும் லேசாகத் தேயுங்கள். பளபளப்பு போனால் போதும். உலர்ந்தபடி தேய்த்தால் கார்பன் தூள் மூக்கில் ஏறும்.

பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள், தண்டையும் புது இறகின் அடிப்பாகத்தையும். புதிய இறகில் தொழிற்சாலையின் எண்ணெய்ப் படலம் இருக்கும். துடைக்காமல் ஒட்டியது இரண்டாவது எய்தலிலேயே பறந்துபோகும். வீட்டில் நகப்பூச்சு அகற்றும் திரவம் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள். அதில் எண்ணெய் கலந்திருக்கலாம், அதிலுள்ள அசிட்டோன் பிளாஸ்டிக் நாக்கையும் கரைக்கும். ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் கொசுவர்த்தியும் விளக்கும் வேண்டாம். துடைத்த பிறகு அந்த இடத்தை விரலால் தொடக் கூடாது. தொட்டால் மறுபடி துடைக்க வேண்டும், வேறு வழியில்லை.

120 டிகிரியை எப்படி அளப்பது

ஒரு இறகு மட்டும் என்றால் மற்ற இரண்டும் இடம் காட்டிவிடும். மூன்றும் என்றால் அளக்க வேண்டும். ஜிக் என்று ஒரு கருவி விற்கிறார்கள், அடிக்கடி ஒட்டுகிறவர்கள் வாங்கிக்கொள்ளலாம். தொடங்குகிறவர்களுக்கு ஒரு காகிதக் கீற்று போதும்.

காகிதத்தைத் தண்டைச் சுற்றி, ஓரம் சேருகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. பிரித்தால் அதுதான் சுற்றளவு. அதை மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டு மறுபடி சுற்றினால், தண்டில் மூன்று இடமும் கிடைத்துவிடும். 22/64 அங்குல விட்டமுள்ள தண்டு கிராஸ்போவில் அதிகம் வருவது. அது ஏறத்தாழ 8.7 மில்லிமீட்டர், சுற்றளவு 27.4, மூன்றில் ஒரு பங்கு 9.1 மில்லிமீட்டர்.

இறகை நேராகப் பிடிக்க நான் கல்யாணப் பத்திரிகை அட்டையைப் பயன்படுத்துகிறேன், நல்ல கெட்டியாக இருக்கும். அட்டையில் தண்டு நுழைகிற அளவுக்கு ஒரு துளை, அதிலிருந்து 120 டிகிரியில் மூன்று வெட்டுகள். இப்படி இரண்டு அட்டை. ஒன்று இறகின் முன் ஓரத்துக்கு, இன்னொன்று பின் ஓரத்துக்கு. இறகை இரண்டு வெட்டிலும் செருகினால் அது தானாக நேராக நிற்கும். பழைய இறகு லேசாகச் சாய்ந்திருந்தால் பின் அட்டையை அதே அளவு திருப்பிக்கொள்ளலாம். பழையதைவிட அதிகமாகச் சாய்க்காதீர்கள். அம்பு ஓடுகிற வரிப்பள்ளத்தில் இறகு உரசும்.

வழிகாட்டி இறகு எங்கே என்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். கிராஸ்போவில் அது கீழே, பள்ளத்துக்குள் போக வேண்டும். நாண் குறுக்காகப் படுத்திருக்கிறது. எனவே அரைநிலா நாக்கின் குழியும் குறுக்காக இருக்க வேண்டும், வழிகாட்டி இறகு அதற்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இதைச் சரிபார்த்த பிறகுதான் பசை மூடியைத் திறக்க வேண்டும். இன்னொன்று: இறகின் உயரமான பக்கம் நாக் பக்கம், தாழ்ந்த பக்கம் முனையைப் பார்த்து. இரவில் அவசரமாக ஒட்டினால் திருப்பி ஒட்டிவிட வாய்ப்பு உண்டு.

ஒட்டும்போது நம் ஊர்க் காற்று

ஃபெவிகுயிக் வகைப் பசை காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும். நம் மாவட்டத்தில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. குளச்சல், முட்டம் மாதிரிக் கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னும் வேகமாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே, வைத்துவிட்டு நகர்த்திக்கொள்ளலாம் என்ற எண்ணமே கூடாது. பசை இல்லாமல் இரண்டு முறை வைத்துப் பார்த்துப் பழகிவிட்டு, மூன்றாவது முறை பசையோடு வையுங்கள்.

இறகின் அடியில் நூல் கனத்துக்கு ஒரே கோடாகப் பசை இடுங்கள். அதிகம் போட்டால் பக்கவாட்டில் பிதுங்கிக் கட்டியாகும், அந்தக் கட்டி பள்ளத்தில் உரசும். வெட்டில் செருகி, நேராக இறக்கி, நுனி, நடு, கடைசி என்று மூன்று இடத்தில் அழுத்தி முப்பது விநாடி பிடியுங்கள். பிறகு அடுத்தது.

பிதுங்கியதைத் துடைக்கப் பருத்தித் துணியை எடுக்காதீர்கள். இந்தப் பசை பருத்தியில் பட்டால் திடீரென்று சூடாகும், கையைச் சுட்டுவிடும் அளவுக்கு. நம் வழக்கப்படி மடியில் துவர்த்தை, அதாவது துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்வதும் வேண்டாம், ஒரு துளி சிந்தினால் தொடை வரைக்கும் சுடும். பிளாஸ்டிக் விரிப்பு போதும். விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வைத்து மெதுவாக உருட்டி எடுங்கள். கண்ணில் பட்டால் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மூன்றும் ஒட்டிய பிறகு ஒவ்வொன்றின் முன் நுனியிலும் பின் நுனியிலும் ஒரு சிறு துளி விடுங்கள். இறகு பெயரத் தொடங்குவது முன் நுனியில்தான். அந்த ஒரு துளி இருந்தால், இலக்குப் பலகையிலிருந்து அம்பை உருவும்போது இறகு தப்பிக்கும். காய வைக்கும்போது டப்பாவுக்குள் மூடி வைக்க வேண்டாம், வெள்ளையாகப் பூத்துவிடும். திறந்த இடத்தில் ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

எய்வதற்கு முன்

காய்ந்த பிறகு இறகை ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அசையக் கூடாது. மறுபடி ஒருமுறை தண்டை வளைத்துப் பாருங்கள். பிறகு நாணைப் பின்னுக்கு இழுத்து மாட்டாத வில்லின் பள்ளத்தில் அம்பை வைத்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வழிகாட்டி இறகு எங்கும் தட்டாமல் ஓட வேண்டும். மேலே அம்பை அழுத்திப் பிடிக்கிற பிடிப்பான் மேலே இருக்கும் இரண்டு இறகுக்கும் நடுவில், தண்டில் உட்கார வேண்டும்.

நகை எடை பார்க்கிற சின்னத் தராசு இருந்தால் எடையையும் பாருங்கள். அம்பு எடையை கிரெய்ன் கணக்கில் சொல்வார்கள், ஒரு கிராம் 15.4 கிரெய்ன். ஒரே கட்டில் உள்ள அம்புகள் ஒன்றுக்கொன்று நெருங்கி இருந்தால் நல்லது. கையேட்டில் சொல்லும் குறைந்தபட்ச எடைக்குக் கீழே மட்டும் போகக் கூடாது. மிக இலேசான அம்பு நாணின் வேகத்தை வாங்கிக்கொள்ளாது, அந்த அதிர்ச்சி வில்லுக்கே திரும்பும்.

முதலில் பத்து மீட்டரில் ஒன்று, அதையே எடுத்துப் பார்த்து இரண்டு. இறகு பெயர்ந்திருக்கிறதா, தண்டில் சத்தம் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். நாங்கள் முதலில் சாக்கில் தேங்காய் நாரை அடைத்துத்தான் இலக்கு செய்தோம். நார் இறகில் சுற்றிக்கொண்டு, உருவும்போதெல்லாம் பிய்த்து எடுத்தது. இப்போது பழைய துணியை இறுக்கி அடைத்து வைக்கிறோம். இறகு இரண்டு மடங்கு நாள் வருகிறது. அம்பு உள்ளே முழுக்கப் புதைந்தால் பின்னால் இழுக்காதீர்கள். முன்பக்கமாகத் தள்ளி எடுங்கள், இறகு மடங்காது.

பழுதுபார்த்த அம்புக்கு வழிகாட்டி இறகில் பேனாவால் ஒரு எண் எழுதுங்கள். நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே எந்த இறகு மாற்றினீர்கள், எந்தத் தேதி என்று ஒரு வரி. எங்கள் நான்காம் எண் அம்பு தொடர்ந்து வலப்பக்கமே போய்க்கொண்டிருந்தது. நோட்டைப் பார்த்துத்தான் அதில் ஒரு இறகு மட்டும் வேறு பாக்கெட்டிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தோம். மூன்றையும் பிய்த்து மறுபடி ஒட்டினான் பையன், இந்த முறை நான் கிட்டேகூடப் போகவில்லை.